அழுத்தம், ஓட்டம், தடை, வலு: தீவக மின்சாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

வெளிச்சம் மங்கும்போது ‘கறண்ட் குறைஞ்சு போச்சு’ என்றும், ஈரக்கையால் ஆளியைத் தொட்டுத் துணுக்குறும்போது ‘கறண்ட் அடிச்சுப் போட்டுது’ என்றும், மாத முடிவில் கட்டணச் சீட்டு வரும்போது ‘கறண்ட் கூடிப் போச்சு’ என்றும் யாழ்ப்பாணத்துத் தீவக மக்கள் பேசுவர். இம்மூன்று கூற்றுகளிலும் வருவது ஒரே சொல். ஆயின் அது சுட்டும் பொருள் மூன்று. முதலாவது கூற்று மின்னழுத்தத்தைக் குறிக்கிறது. இரண்டாவது உண்மையிலேயே மின்னோட்டத்தைக் குறிக்கிறது. மூன்றாவது குறிப்பது நுகரப்பட்ட மின்சக்தியை. ஒரு சொல்லுக்குள் மூன்று கணியங்கள் ஒடுங்கிக் கிடக்கும் இந்நிலையை வெறும் பேச்சு வழக்கு என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. எந்த ஒன்றைப் பற்றி முறையிட வேண்டும், எந்த ஒன்றுக்குப் பணம் செலுத்துகிறோம், எந்த ஒன்று உயிரைப் பறிக்கும் என்பவற்றை வேறுபடுத்தி அறியாத நுகர்வோன், தன் வாழ்வைப் பாதிக்கும் ஒரு துறையில் கேள்வி கேட்கும் தகுதியை இழந்துவிடுகிறான்.

பௌதிகவியல் நூல்களில் இரண்டு பக்கங்களில் முடிந்துவிடும் இவ்விடயத்தை இலக்கிய மாணவர் ஒருவர் எடுத்துக்கொள்வதற்கான நியாயம் இதுவேயாகும். கலைச்சொல் என்பது அறிவைப் பொதுவுடைமையாக்கும் கருவி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தும் தமிழில் நூலாக்கியும் காட்டிய காலந்தொட்டு, விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்லுதல் இம்மண்ணுக்குப் புதிதன்று. எனினும் பாடநூலில் வாழும் சொல் வீட்டுக்குள் நுழையவில்லை. பரீட்சைக்காகச் சமன்பாட்டை மனனஞ் செய்த மாணவன் தன் வீட்டு மின்மானியை வாசிக்க இயலாது நிற்கும் நிலை அதனால் விளைந்ததாகும்.

நான்கு சொற்கள்

கணியங்களை முதலில் வரையறுத்துக் கொள்வோம். கிணற்றில் துலா மிதித்து நீர் இறைக்கும் காட்சி இதற்குப் பொருத்தமான உவமை. கீழே கிடக்கும் நீரை மேலே உயர்த்துபவன் அதற்கு ஓர் உயர நிலையை வழங்குகிறான். அவ்வுயரமே நீரை வாய்க்காலில் ஓடச் செய்கிறது. மின்பிறப்பாக்கியோ பற்றரியோ மின்னேற்றங்களுக்கு இவ்வாறு வழங்கும் நிலை வேறுபாடே அழுத்தம். அதன் அலகு வோல்ற்று. ஒரு செக்கனில் வாய்க்காலின் ஓரிடத்தைக் கடந்து செல்லும் நீரின் அளவை ஒத்தது மின்னோட்டம். அதன் அலகு அம்பியர். வாய்க்காலின் ஒடுக்கமும் நீளமும் ஓட்டத்தை மறிப்பதுபோலக் கம்பியின் மெல்லிய தன்மையும் நீளமும் மின்னோட்டத்தை மறிக்கின்றன. இது தடை. அதன் அலகு ஓம். ஒரு செக்கனில் நடைபெறும் வேலையின் அளவே வலு. அதன் அலகு உவாற்று.

உவமைக்கு எல்லை உண்டு என்பதையும் மனங்கொள்ள வேண்டும். வாய்க்கால் நீர் தோட்டத்தில் முடிந்துவிடும். மின்னோட்டமோ புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டும். சுற்று அறுந்தால் ஓட்டமில்லை.

தமிழ்நாட்டில் திறன் எனவும் ஆற்றல் எனவும் வழங்குவன ஈழத்துப் பாடநூல்களில் முறையே வலு எனவும் சக்தி எனவும் வழங்குகின்றன. யாழ்ப்பாணப் பேச்சில் ‘வலு கெட்டிக்காரன்’, ‘வலு தூரம்’ என ‘மிக’ என்னும் பொருளில் இச்சொல் இன்றும் உயிர்ப்புடன் நிலவுகிறது. மக்கள் நாவில் வாழும் ஒரு சொல்லே கலைச்சொல்லாகவும் அமைந்திருப்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பாகும்.

ஓமின் விதி

அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் ஜோர்ஜ் சைமன் ஓம் (1789–1854). ஜேர்மனியில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, கொலோன் நகரில் பாடசாலை ஆசிரியராக இருந்தவர் அவர். அக்காலத்து மின்கலங்கள் நிலையற்றவை. அவற்றின் அழுத்தம் பரிசோதனையின் நடுவிலேயே தளர்ந்துவிடும். ஆகவே ஓம் வெப்பவிணையைப் பயன்படுத்தினார். இரு உலோகச் சந்திகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றையதைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத அழுத்தம் ஒன்றைப் பெற்றார். பின்னர் வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை இணைத்து ஓட்டத்தை அளந்தார். நிலையான கருவி கிடைத்த பின்னரே நிலையான விதி கிடைத்தது என்பது விஞ்ஞான வரலாற்றில் கருதற்பாலது. 1827இல் வெளிவந்த அவரது நூல் தொடக்கத்தில் போதிய வரவேற்பைப் பெறவில்லை. அவர் ஆசிரியப் பதவியையும் துறந்தார். 1841இல் இலண்டன் றோயல் கழகம் கொப்ளி பதக்கம் வழங்கிய பின்னரே அவர் பெயர் பரவலாயிற்று.

விதி எளிமையானது:

அழுத்தம் = ஓட்டம் × தடை

எனவே அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். 230 வோல்ற்றில் 5 அம்பியர் ஓட்டத்தைப் பெறும் சூடாக்கியின் தடை 230 ÷ 5 = 46 ஓம். ‘கறண்ட் அடித்தல்’ என்பதையும் இதே கணக்கால் அறியலாம். நனைந்த உடலின் தடை 1,000 ஓம் எனக் கொள்வோமாயின், 230 வோல்ற்று அதனூடே செலுத்தும் ஓட்டம் 0.23 அம்பியர். வீட்டுப் பாதுகாப்புக்கெனப் பொருத்தப்படும் ஒழுக்குத் துண்டிப்பான் 0.03 அம்பியரிலேயே சுற்றைத் துண்டிக்கும் வகையில் அமைக்கப்படுகிறது. இரண்டுக்குமுள்ள இடைவெளி ஏறத்தாழ எட்டு மடங்கு. உலர்ந்த தோலின் தடை இதனிலும் பன்மடங்கு அதிகம். ஆகவே கடலிலிருந்து ஈர உடலோடு கரையேறும் தொழிலாளிக்கு உள்ள ஆபத்து, உலர்ந்த கையோடு மேசையில் இருப்பவனுக்கு உள்ள ஆபத்திலும் பெரிது. அழுத்தம் இருவர்க்கும் ஒன்றே, வேறுபடுவது தடை.

வலுவின் மூன்று வடிவங்கள்

ஒரு வோல்ற்று என்பது ஒரு கூலோம் மின்னேற்றத்துக்கு ஒரு யூல் சக்தி என்பதாகும். ஓர் அம்பியர் என்பது செக்கனுக்கு ஒரு கூலோம். இரண்டையும் பெருக்கினால் செக்கனுக்கு இத்தனை யூல் எனும் அளவு வருகிறது. அதுவே உவாற்று. எனவே,

வலு = அழுத்தம் × ஓட்டம்

மேற்கூறிய சூடாக்கியின் வலு 230 × 5 = 1,150 உவாற்று. ஓமின் விதியை இதனுட் புகுத்தின் மேலும் இரு வடிவங்கள் பிறக்கின்றன:

வலு = ஓட்டம் × ஓட்டம் × தடை

வலு = அழுத்தம் × அழுத்தம் ÷ தடை

மாணவர் பலர் தடுமாறும் இடம் இது. இரண்டாம் வடிவத்தின்படி தடை கூடினால் வலு கூடுகிறது. மூன்றாம் வடிவத்தின்படி தடை கூடினால் வலு குறைகிறது. எது சரி? இரண்டும் சரி. எது மாறாது நிற்கிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும். வீட்டில் விளக்குகள் சமாந்தரமாக இணைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரே அழுத்தம் கிடைக்கிறது. அங்கே தடை குறைந்த 100 உவாற்று விளக்கு (529 ஓம்), தடை கூடிய 60 உவாற்று விளக்கிலும் (882 ஓம்) பிரகாசமாக எரியும். அவ்விரு இழை விளக்குகளையும் தொடராக ஒரே கம்பியில் இணைத்துப் பார்த்தால் இரண்டினூடும் ஒரே ஓட்டம் செல்லும். தடை மாறாதெனக் கொள்ளின் அது ஏறத்தாழ 0.163 அம்பியர். அப்போது 60 உவாற்று விளக்குக்குச் சுமார் 23 உவாற்றும், 100 உவாற்று விளக்குக்குச் சுமார் 14 உவாற்றும் கிடைக்கின்றன. சிறிய விளக்கே பிரகாசமாக எரிகிறது. பொருளின் இயல்பு அப்பொருளுக்குள் மாத்திரம் அடங்குவதன்று; அது நிற்கும் உறவுநிலையாலும் நிர்ணயிக்கப்படுகிறது.

‘தடை மாறாதெனக் கொள்ளின்’ என்ற நிபந்தனை முக்கியமானது. தங்குதன் இழை சூடேறும்போது அதன் தடை பெருகும். குளிர்ந்த நிலையில் அளந்தால் 882 ஓமில் ஏறக்குறைய பத்திலொன்றே காணப்படும். ஆகவே ஓமின் விதி வெப்பநிலை மாறாத கடத்திக்கு உரியது. எல்லாப் பொருளுக்குமான விதியன்று. இழை குறிப்பிட்ட ஓட்டத்தை எட்டும்வரை ஒளிர்வதில்லை. அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் நிலைக்கு உதாரணமாக எங்கெல்ஸ் ‘இயற்கையின் இயக்கவியல்’ குறிப்புகளில் இவ்வொளிரும் கம்பியையே எடுத்துக்காட்டுவது இங்கு நினைவுகூரத்தக்கது. நீரிறைக்கும் மின்மோட்டருக்கு வேறொரு நிபந்தனை உண்டு. ஆடலோட்டத்தில் மோட்டரின் அழுத்தமும் ஓட்டமும் ஒருங்கே உச்சத்தை அடைவதில்லை. ஆதலால் அவற்றின் பெருக்கத்தை வலுக்காரணி எனும், ஒன்றிலும் குறைந்த எண்ணாற் பெருக்கியே மெய்யான வலுவைப் பெறவேண்டும்.

சைக்கிள் டைனமோவும் துலாவும்

1990ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்விநியோகம் போரினால் அறுபட்டது. மண்ணெண்ணெய் அரிதாகி, ஜாம் போத்தல் விளக்கில் மாணவர் படித்த காலம் அது. வானொலிச் செய்திக்காகச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவினால் வானொலியை இயக்கினர். வழக்கமான சைக்கிள் டைனமோ 6 வோல்ற்றில் 3 உவாற்று தருவது. ஓட்டம் 3 ÷ 6 = 0.5 அம்பியர். அதற்குரிய விளக்குச் சுமையின் தடை 6 ÷ 0.5 = 12 ஓம். சிறு வானொலிக்கு 0.1 அம்பியர் போதுமெனின் வேண்டிய வலு 0.6 உவாற்றே. டைனமோ தருவது ஆடலோட்டமாதலால் இருவாயிகளைக் கொண்டு அதை நேராக்க வேண்டியிருந்தது. சுற்றும் கை தளர்ந்தால் அழுத்தம் விழும், குரலும் விழும். அழுத்தத்துக்கும் மனித உழைப்புக்குமுள்ள தொடர்பு அத்தனை வெளிப்படையாக வேறெங்கும் புலப்பட்டதில்லை எனலாம்.

இவ்வுழைப்பின் அளவை இன்னும் துல்லியமாக நோக்கலாம். 20 லீற்றர் நீரை 5 மீற்றர் உயர்த்தும் வேலை 20 × 9.8 × 5 = 980 யூல். பத்துச் செக்கனுக்கு ஒரு பட்டை வீதம் இறைப்பவனின் வலு 98 உவாற்று. மின்சார சபை விற்கும் ஓர் அலகு என்பது ஒரு கிலோவாற்று மணி, அதாவது 36 இலட்சம் யூல். அதற்கு ஏறத்தாழ 3,670 பட்டை நீர் இறைக்க வேண்டும். இடையறாது இறைத்தாலும் பத்து மணி நேரத்துக்கு மேலாகும். ஓர் அலகு மின்சாரம் ஒரு மனிதனின் ஒரு நாள் உடலுழைப்பை விடுவிக்கிறது. மின்சாரம் கிடைக்காத தீவு தினந்தோறும் இழப்பது வெளிச்சத்தை மட்டுமன்று. ரஷ்யாவில் 1920இல் நாடு தழுவிய மின்மயமாக்கல் திட்டம் அரசியல் வேலைத்திட்டமாகவே முன்வைக்கப்பட்டதன் பொருளும் இக்கணக்கிற் புலனாகும்.

கம்பி ஏன் கடலைத் தாண்டவில்லை?

வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகியவற்றைத் தரைப்பாதைகள் குடாநாட்டோடு இணைக்கின்றன. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் செல்ல வேண்டும். இவ்விரு தீவுகளும் அனலைதீவும் நாட்டின் பிரதான மின்வலையோடு இணையாது, டீசல் பிறப்பாக்கிகளிலேயே நெடுங்காலம் தங்கியிருந்தன. இது இயற்கையின் தீர்ப்பா?

ஒரு மாதிரிக் கணக்கைச் செய்வோம். 10 கிலோமீற்றர் நீளமும் 50 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டும் கொண்ட செப்புக் கடத்தியின் தடை சுமார் 3.4 ஓம். போகவும் வரவும் இரண்டு கடத்திகள், மொத்தம் 6.8 ஓம். இதனூடாக 23 கிலோவாற்று வலுவை வீட்டு அழுத்தமாகிய 230 வோல்ற்றிலேயே அனுப்ப முயன்றால் 100 அம்பியர் ஓடவேண்டும். கம்பியில் மாத்திரம் 100 × 6.8 = 680 வோல்ற்று இழக்கப்படும். இருப்பதோ 230. ஆகவே இது நடவாத காரியம். மறுகரையில் இரு கம்பிகளையும் நேரே பொருத்திவிட்டாலும் 34 அம்பியருக்கு மேல் ஓடாது. மறுகரைக்குக் கிடைக்கக்கூடிய உச்ச வலு இரண்டு கிலோவாற்றுக்கும் குறைவு. மின்கேத்தல் ஒன்றுக்கே அது போதாது.

இனி நிலைமாற்றியால் அழுத்தத்தை, நம் நாட்டு விநியோகத்தில் வழங்கும் 33,000 வோல்ற்றுக்கு உயர்த்துவோம். அதே 23 கிலோவாற்றுக்கு வேண்டிய ஓட்டம் 23,000 ÷ 33,000, ஏறத்தாழ 0.7 அம்பியர். கம்பியில் வெப்பமாக வீணாகும் வலு 0.7 × 0.7 × 6.8, ஏறத்தாழ 3.3 உவாற்று. அழுத்தம் 143 மடங்கு கூட, இழப்பு 20,000 மடங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. 1918இலேயே பொறியியலாளர் விமலசுரேந்திர எடுத்துரைத்து, 1950இல் செயற்படத் தொடங்கிய லக்சபான நீர்மின் திட்டத்தின் வலு முந்நூறு கிலோமீற்றர் கடந்து சுன்னாகம் வரை வர முடிந்ததன் இரகசியம் இதுவே.

கடற்கீழ் வடத்துக்கு வேறு சிக்கல்கள் உண்டு. வடமே ஒரு கொள்ளளவியாகச் செயற்பட்டு ஆடலோட்டத்தின் ஒரு பகுதியை விழுங்கும், செலவும் மிகுதி. ஆனால் ஓமின் விதி கடலைத் தடை செய்யவில்லை என்பது தெளிவு. சில ஆயிரம் மக்கள் வாழும் தீவுக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதே தடையாயிற்று. அது பௌதிகத் தடையன்று. முன்னுரிமை பற்றிய முடிவு. அம்முடிவின் விலையைத் தீவு டீசலாகச் செலுத்தியது. சுண்ணக்கல் நிலத்தில் எண்ணெய் கசிந்தால் கிணறுகள் என்னவாகும் என்பதைச் சுன்னாகம் காட்டிவிட்டது. அங்குள்ள மின்நிலையக் கழிவெண்ணெயால் நிலத்தடி நீர் மாசுற்றமை தொடர்பான வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது.

தீவுக்குள்ளும் இதே விதியே ஆள்கிறது. பிறப்பாக்கிக்கு அண்மையிலுள்ள வீட்டில் விளக்கு நன்கு எரிய, கம்பியின் கடைசி வீட்டில் மங்குவதன் காரணம் இடைப்பட்ட கம்பியின் தடை. அத்தடை 1 ஓம் என்றும் அதனூடு 20 அம்பியர் ஓடுகிறது என்றும் கொண்டால் கடைசி வீட்டுக்கு 210 வோல்ற்றே எஞ்சும். 230 வோல்ற்றிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல், அதாவது 216 வோல்ற்றுக்குக் கீழ், அழுத்தம் இறங்கலாகாது என்பது விதி. ‘கறண்ட் குறைவு’ என்று முறையிடுபவனுக்கும் ‘உங்கள் வீட்டில் 210 வோல்ற்றே கிடைக்கிறது’ என்று மானியைக் காட்டி முறையிடுபவனுக்கும் அலுவலகத்தில் கிடைக்கும் பதில் ஒன்றாயிராது.

ஒப்பந்த எண்களை வாசித்தல்

எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு சூரியன், காற்று, பற்றரி, டீசல் இணைந்த சிறு கலப்பு மின்தொகுதி ஒன்று முன்னரே அமைக்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான அத்தகைய திட்டம் 2021 ஜனவரியில் சீன நிறுவனக் கூட்டொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசெம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனையால் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூர் நிறுவனமொன்றோடு, 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையில், ஒப்பந்தம் கைச்சாத்தானது. மூன்று தீவுகளுக்குமாக அறிவிக்கப்பட்டவை: சூரிய வலு 1,700 கிலோவாற்று, காற்று வலு 530 கிலோவாற்று, பற்றரி 2,400 கிலோவாற்று மணி, காத்திருப்பு டீசல் வலு 2,500 கிலோவாற்று.

வல்லரசுப் போட்டி பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. இவ்வெண்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. நான்கில் மூன்று வலு, பற்றரிக்குரியது சக்தி. நான்கையும் ஒன்றாகக் கூட்டுதல் தவறு. 2,400 கிலோவாற்று மணி என்பது 400 கிலோவாற்றுத் தேவையை ஆறு மணி நேரம் தாங்கும். 300 கிலோவாற்றாயின் எட்டு மணி நேரம். ஒரு நாளில் நான்கு மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிட்டுமெனக் கொண்டால் சூரியப் பலகைகள் 6,800 கிலோவாற்று மணி தரும். அதில் ஏறத்தாழ மூன்றிலொன்றையே பற்றரியிற் சேமிக்க இயலும். டீசல் வலு, சூரியனும் காற்றும் சேர்ந்த 2,230 கிலோவாற்றிலும் அதிகமாயிருப்பது காற்றில்லா இரவுக்கான முன்னேற்பாடு. அது தன்னளவில் குறையன்று. கேட்கவேண்டிய கேள்வி, அந்த டீசல் இயந்திரம் ஆண்டில் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதே. வலுவை நேரத்தாற் பெருக்கினாலன்றித் தீவுக்குள் வந்திறங்கும் எண்ணெயின் அளவு தெரியவராது. அறிவித்தல்கள் வலுவைச் சொல்கின்றன, நேரத்தைச் சொல்வதில்லை.

எனவே ஓமின் விதியும் வலுவின் மூன்று வடிவங்களும் பரீட்சை மண்டபத்தோடு முடிந்துவிடத்தக்கவையல்ல. வீட்டு அழுத்தத்தை அளந்து எழுதிவைத்தல், மின்மானியின் இரு வாசிப்புகளைக் கழித்துக் கட்டணச் சீட்டோடு ஒப்பிடல், திட்ட அறிவித்தலில் வலுவையும் சக்தியையும் பிரித்தறிதல் ஆகிய மூன்றுக்கும் பெருக்கலும் வகுத்தலுமே போதும். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கடற்றொழிலாளர் சங்கங்களும் வாசிகசாலைகளும் இவற்றைத் தம் வேலையாக மேற்கொள்ளலாம். பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் அதற்கு வழிகாட்டலாம். தீவகத்துக்கு எங்கிருந்து, யாருடைய பணத்தில், எவ்வகையான மின்சாரம் வந்தாலும், அதை அளந்தறியும் ஆற்றல் அங்கு வாழும் மக்களின் கையில் இருத்தல் வேண்டும்.